ஒரு மாலையில் முடியும் குரோஷா பரிசுகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆசையாகப் பின்னிக் கொடுத்த குரோஷா பரிசு, வாங்கியவர் வீட்டில் பத்தே நாளில் அலமாரிக்குள் போய்விடுகிறது என்றால், குறை பெரும்பாலும் பின்னலில் இருக்காது. தவறான நூலோ, அந்த வீட்டுக்குத் தேவைப்படாத பொருளோதான் காரணமாக இருக்கும். செயின், சிங்கிள், டபுள் என்ற மூன்று பின்னல்கள் கைக்கு வந்துவிட்டாலே, தினமும் புழங்கக்கூடிய நல்ல பரிசுகளைச் செய்துவிடலாம்.

செய்ய வேண்டியவை

● யாருக்கு, எதற்கு என்பதை முதலில் தீர்மானியுங்கள். டிசைன் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். மதுரையில் இருப்பவருக்கு உல்லன் மஃப்ளர் எதற்கு? ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்கு அதுவே அருமையான பரிசு. நம் சமவெளி வெயிலுக்கும் வியர்வைக்கும் பருத்தி நூல்தான் ஏற்றது. தண்ணீர் பாட்டில் மாட்டும் பை, காய்கறிப் பை, சோப்புப் பை, டம்ளர் மேட், சுருக்குப்பை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது நிச்சயம் புழக்கத்துக்கு வரும்.

● டம்ளர் மேட்டில் தொடங்குங்கள். நான்கு இழைப் பருத்தி நூலும் 2.5 அல்லது 3 மி.மீ. ஊசியும் போதும். முதல் சுற்றில் 12 டபுள், அடுத்தடுத்த சுற்றுகளில் 24, 36, 48. சுற்றுக்குப் பன்னிரண்டு கூட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஓரம் கிண்ணம்போலக் குழிந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அலை அலையாக நெளிந்தால் கூடிவிட்டது. நான்கு சுற்றில் காபி டபரா வைக்கும் அளவு வந்துவிடும். ஆறு மேட் பின்னி ஒரு நூலால் கட்டிக் கொடுத்தால் கிரகப்பிரவேசத்துக்கு நல்ல பரிசு.

● சுருக்குப்பை பின்னுங்கள். நவராத்திரிக் கொலுவுக்கு வருபவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை. அடிப்பகுதி அதே டம்ளர் மேட்தான். வேண்டிய அகலம் வந்ததும் எண்ணிக்கையைக் கூட்டுவதை நிறுத்திவிடுங்கள். சுவர் தானாக மேலெழும்பும். வாய்க்கு ஒரு சுற்று முன்னதாக, ஒரு டபுள், ஒரு செயின், ஒரு கண்ணி விட்டு அடுத்த டபுள் என்று பின்னினால் கயிறு கோக்கும் துளைகள் கிடைக்கும். இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கோத்துவிட்டால், இழுத்ததும் பை சீராகச் சுருங்கும். சில்லறை போட்டுவைக்கும் பை என்றால் அடியையும் சுவரையும் சிங்கிளில் நெருக்கமாகப் பின்னுங்கள். டபுள் பின்னலின் இடுக்கில் சிறிய காசு நழுவிவிடும். சிங்கிளில் சுற்றுக்கு ஆறு கூட்டினால் போதும்: 6, 12, 18.

● அடுப்படிப் பொருள் எதுவானாலும் பருத்தி நூலையே எடுங்கள். அக்ரிலிக் சூட்டில் இளகி உருகும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை இரட்டை அடுக்காகப் பின்னுங்கள். ஈரமாக இருக்கும்போது அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஈரத் துணி வழியே சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும்.

● சிவப்பு, மெரூன், கருநீல நூல்களில் ஒரு சாண் வெட்டி நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை வெள்ளை நூலோடு சேர்க்க வேண்டாம்.

● முடிச்சுப் போட்டதும் 15 செ.மீ. நூலாவது விட்டு வெட்டுங்கள். அதை மழுங்கிய ஊசியில் கோத்து, ஒரு திசையில் ஓட்டி, மறுபடி எதிர்த் திசையில் ஓட்டுங்கள். துவைத்தாலும் பிரியாது.

● கையில் அரை மணி நேரமே இருக்கிறதா? சாதாரண முடி ரப்பர் பேண்டைச் சுற்றிச் சிங்கிள் போட்டு, அடுத்த சுற்றில் கண்ணிக்கு மூன்று டபுள் பின்னுங்கள். கொசுவம் வைத்த ஹேர் பேண்ட் தயார்.

செய்யக்கூடாதவை

● கைக்குழந்தைகளுக்கான பொருளில் பட்டன், மணி, பிளாஸ்டிக் கண் வைக்கவே கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும். அது தொண்டையில் சிக்கிவிடலாம். பொம்மையின் கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள். தொப்பியில் கழுத்தைச் சுற்றும் நீளக் கயிறு வேண்டாம். பெரிய துளைகள் உள்ள போர்வையும் வேண்டாம். பிஞ்சு விரல்கள் மாட்டிக்கொள்ளும். இதில் அழகுக்காக எந்தச் சமரசமும் கூடாது.

● அமெரிக்கக் குறிப்பையும் பிரிட்டிஷ் குறிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்கர்களின் சிங்கிள் பிரிட்டிஷாருக்கு டபுள். அமெரிக்கர்களின் டபுள் பிரிட்டிஷாருக்கு ட்ரெபிள். குறிப்பில் 'சிங்கிள் குரோஷே' என்று இருந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே இல்லை. இந்தக் கட்டுரையிலும் அமெரிக்கப் பெயர்கள்தான்.

● காய்கறிப் பையின் கைப்பிடியை, தோளில் தொங்கும் நீளத்துக்கே பின்னாதீர்கள். இரண்டு கிலோ தக்காளி விழுந்ததும் அது முழங்கால்வரை இறங்கிவிடும். குட்டையாக, சிங்கிளில் இறுக்கமாகப் பின்னுங்கள்.

● அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். ஒருமுறை தொய்ந்தால் தொய்ந்ததுதான்.

● அடுத்த மாதக் கல்யாணத்துக்குக் கட்டில் விரிப்பு ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரிதாகத்தான் வேண்டுமென்றால் சிறு சதுரங்களாகப் பின்னி இணையுங்கள். 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,000 சதுர மீட்டருக்கும் மேல் விரித்துக் கின்னஸ் சாதனை படைத்த போர்வைகூடப் பலர் பின்னிய துண்டுகளை இணைத்ததுதான்.

● 'வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், ஒன்று பின்னிக் கொடேன்' என்று யாரிடமும் கேட்காதீர்கள். உங்களிடம் கேட்டால் நூல் விலைக்குக் கொடுத்துவிடவும் செய்யாதீர்கள். அசல் குரோஷா பின்னலை இயந்திரம் செய்வதில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் அசல் குரோஷா மேசை விரிப்பையும் ஒருவர் கண்ணி கண்ணியாகக் கையால்தான் பின்னியிருக்கிறார். ஆந்திராவின் நர்சாபூரில் வீட்டிலிருந்தபடியே லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய ஆய்வு நூல் 1982-ல் வெளிவந்தது. பொருள் வெளிநாட்டுச் சந்தைவரை போனது. பின்னியவர்களோ தொழிலாளிகளாகவே கருதப்படவில்லை, ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்றே கணக்கில் வைக்கப்பட்டார்கள், கூலியும் அற்பம் என்பதை அந்நூல் காட்டியது. நூல் விலையோடு மணிக்கணக்குக் கூலியையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். வாங்குகிறவராக இருந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

● துவைக்கும் விதத்தைச் சொல்லாமல் பரிசைக் கொடுத்துவிடாதீர்கள். 'பருத்தி நூல். பச்சைத் தண்ணீரில் கையால் அலசவும். முறுக்கிப் பிழியாமல், நிழலில் தட்டையாக விரித்து உலர்த்தவும்.' இந்த மூன்று வரியைச் சிறு அட்டையில் எழுதி, மிச்ச நூலில் ஒரு பாகம் சுற்றி அதோடு வைத்துக் கொடுங்கள். பின்னால் எங்காவது கண்ணி விட்டுப்போனால் அதே நிற நூலில் சரிசெய்துகொள்ள உதவும்.