அளந்து பார்த்துத் திருத்துவோம்

முன்னுரை

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. கணினி நிரல் எழுதுவோர்க்கும் இம்மொழி மிகப் பொருந்தும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இணையப் பக்கம் திறக்கத் தாமதமானால் நம் நெஞ்சம் படும் பாட்டை நாம் அறிவோம். அத்தாமதம் நிரலின் எப்பகுதியில் பிறக்கிறது என அளந்து காண்பதையே புரொஃபைலிங் என்பர்.

ஏன் அளக்க வேண்டும்?

டொனால்டு கனூத் என்னும் அறிஞர், ஃபோர்ட்ரான் மொழி நிரல்கள் பலவற்றை ஆராய்ந்து 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பொதுவாக ஒரு நிரலின் 4 விழுக்காட்டிற்கும் குறைந்த பகுதியே, அது ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று அவர் கண்டார். ஆகவே ஊகத்தை நம்பித் திருத்தினால், எஞ்சிய 96 விழுக்காட்டில் நம் உழைப்பு வீணாகக் கூடும்.

அளக்கும் முறை

ஜாவா மொழியில் இணையப் பக்கங்களை உருவாக்க ஸ்பிரிங் பூட் என்னும் கட்டமைப்பு உதவுகிறது. தரவுத்தளத்திலிருந்து செய்திகளை எடுத்துத் தர, அதனுடன் ஹைபர்னேட் என்பதைச் சேர்ப்பர். ஹைபர்னேட்டில் புள்ளிவிவரம் திரட்டும் வசதி உண்டு. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி அதனை இயக்கலாம். எத்தனை முறை தரவுத்தளத்தைக் கேட்டோம், அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவை பதிவேட்டில் வந்துவிடும்.

இரண்டாவது கருவி ஜாவா ஃபிளைட் ரெக்கார்டர். விமானத்தின் கறுப்புப் பெட்டியைப் போல, நிரல் ஓடும்போதே நிகழ்வனவற்றை இது பதிவு செய்கிறது. 2018-இல் வெளிவந்த ஜாவா 11 முதல் இது திறந்த மூலமாகக் கிடைக்கிறது. அப்பதிவை மிஷன் கண்ட்ரோல் என்னும் மென்பொருளில் வரைபடமாகக் காணலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வகுப்பில் 40 மாணவியர் உள்ளனர் என்று கொள்வோம். பெயர்ப் பட்டியலுக்கு ஒரு கேள்வி. பின்பு ஒவ்வொருவர் மதிப்பெண்ணுக்கும் ஒரு கேள்வி. ஆக 41 கேள்விகள். ஒன்றுக்கு 5 மில்லிவினாடி எனில் 205 மில்லிவினாடி ஆகும். 400 பேரானால் 401 கேள்விகள். இரண்டு வினாடிக்கு மேல் ஆகும்! நாற்பது பொருள் வாங்கக் கடைக்கு நாற்பது முறை நடப்பது போன்றதன்றோ இது? பட்டியலையும் மதிப்பெண்களையும் இணைத்து ஒரே கேள்வியாகக் கேட்டால் இவ்வலைச்சல் தீரும்.

கவனிக்க வேண்டியவை

ஜாவா நிரல் தொடக்கத்தில் மெதுவாகவே ஓடும். அடிக்கடி பயன்படும் பகுதிகளை ஓட்டத்தின் நடுவிலேயே இயந்திர மொழிக்கு மாற்றிக்கொண்ட பிறகு வேகம் பெறும். ஆகவே முதல் சில அளவுகளைத் தள்ளிவிட வேண்டும். திருத்திய பின் அதே நிலையில் மீண்டும் அளத்தல் வேண்டும். புள்ளிவிவரம் திரட்டுவதும் ஒரு சுமையே; வேலை முடிந்ததும் அதனை நிறுத்திவிட வேண்டும்.

முடிவுரை

அளக்காமல் குறை கூறுதலும், அளக்காமல் திருத்துதலும் பயன் தரா. எங்கோ ஒரு சிற்றூரில் தன் முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவியின் கவலையை ஒரு வினாடியேனும் குறைக்க முடியுமானால், அளந்து பார்த்த உழைப்பு வீண் போகாது. முதலில் அளப்போம்; பின்னர் திருத்துவோம்.