பென்டிரைவில் உலாவி: தொலைந்தால் என்ன போகும்?



போன வருஷம் ஸ்கூடாயில் ஒரு போட்டோஸ்டேட் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு, பென்டிரைவைக் கணினியிலேயே விட்டுட்டு வந்துட்டேன். ராத்திரிதான் ஞாபகம் வந்தது. உள்ளே 'ஃபயர்பாக்ஸ் போர்ட்டபிள்' இருந்தது. அதில் என் மின்னஞ்சல் திறந்தபடியே இருக்கும். அந்த மின்னஞ்சலில் நம் கிளை முகாமுக்கு வந்த பிள்ளைகளின் ஐசி எண், பெற்றோரின் கைப்பேசி எண் எல்லாம் இருந்தன.

"போர்ட்டபிள்தானே, பாதுகாப்பு" என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பாதி உண்மை.

சாதாரணமாக நிறுவும் உலாவி, விண்டோஸில் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் 'ஆப்டேட்டா' என்ற மறைந்த இடத்தில் எல்லாவற்றையும் சேமிக்கும். போர்ட்டபிள் உலாவி அப்படியில்லை. தன் ஃபோல்டரிலேயே 'டேட்டா', அதற்குள் 'புரொஃபைல்' என்று வைத்துக்கொள்ளும். பார்த்த பக்கங்கள், குக்கீகள், சேமித்த பாஸ்வேர்ட், அதைத் திறக்கும் சாவிக் கோப்பு, எல்லாமே அங்கேதான். கடைக் கணினியில் தடயம் குறைவு; ஆனால் முழு வீடும் நம் பாக்கெட்டில்!

குக்கீ என்பது அன்னதானக் கூப்பன் மாதிரி. கூப்பனைக் காட்டினால் சாப்பாடு. பெயரை யாரும் கேட்பதில்லை. அதேபோல் குக்கீ யார் கையில் இருக்கிறதோ, அவருக்குப் பாஸ்வேர்ட் தெரியாமலே கணக்கு திறக்கக்கூடும்.

கடைக் கணினியிலும் கொஞ்சம் மிஞ்சும். எந்த பென்டிரைவ் செருகப்பட்டது, எந்த நிரல் ஓடியது என்று விண்டோஸ் குறித்து வைக்கும். நாம் தட்டுவதைத் திருடும் வைரஸ் அங்கே இருந்தால், போர்ட்டபிள் உலாவியும் நம்மைக் காப்பாற்றாது.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஃபயர்பாக்ஸ் அமைப்பில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' போடுங்கள். அது இல்லையென்றால், பென்டிரைவைச் செருகுபவர் சேமித்த பாஸ்வேர்டை எல்லாம் அப்படியே படிக்கலாம்.

2. பிரைமரி பாஸ்வேர்ட் குக்கீயைக் காக்காது. அதனால் உலாவியை மூடும்போதே குக்கீகள் அழியும்படி வையுங்கள்.

3. பென்டிரைவையே 'பிட்லாக்கர்' கொண்டு பூட்டுங்கள். பூட்ட விண்டோஸ் புரோ வேண்டும். திறக்க ஹோம் போதும். 'வெராகிரிப்ட்' இலவசம்தான், ஆனால் கடைக் கணினியில் நிர்வாகி அனுமதி கேட்கும்.

4. தொலைந்தால் உடனே கைப்பேசியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். வங்கிப் பணம் போயிருந்தால் 997-க்கு அழையுங்கள்.

நான்காவதை அன்று ராத்திரியே செய்தேன். காலையில் கடைக்கு ஓடினேன். "உங்களதுதானே தம்பி? எடுத்து வெச்சிருக்கேன்" என்று கடைக்கார அண்ணன் கொடுத்தார். யாராவது திறந்து பார்த்தார்களா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால் கிளைச் செயலாளரிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பெற்றோரையும் நானே அழைத்து நடந்ததைச் சொன்னேன். ஒரு அம்மா, "சொன்னதே பெரிசு தம்பி" என்றார். இன்னொருவர் திட்டினார். இரண்டும் நியாயம்தான்.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்பான தரவுகளையே பேசுகிறது. ஆனால் பெற்றோர் நம்மை நம்பித் தந்த விவரத்தைக் காக்க நமக்குச் சட்டமா வேண்டும்?

கலந்துரையாட:
• உங்கள் பென்டிரைவில் இப்போது யாருடைய விவரங்கள் இருக்கின்றன?
• அவற்றில் இன்றே அழிக்க வேண்டியவை எவை?