ஹண்டிங்டன் நோயும் நோயாளர் பதிவேடும்: முக்கியக் குறிப்புகள்

● நோயாளர் பதிவேடு: ஒரு நோய் உள்ளவர்களின் வயது, அறிகுறி, மரபணுச் சோதனை முடிவு, சிகிச்சை ஆகியவற்றை ஒரே முறையில் குறித்து, தொடர்ந்து புதுப்பித்து வரும் தொகுப்பு. தலைக்கணக்கு என்று மட்டும் எழுதினால் விடை பாதிதான். அரிய நோயில் ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுதும் பார்ப்பது சிலரைத்தான். சிதறிக் கிடக்கும் அவர்களை ஒன்றுசேர்த்தால்தான் நோய் எப்போது தொடங்குகிறது, எந்த வேகத்தில் முற்றுகிறது என்பது தெரியவரும்.

● ஹண்டிங்டன் நோயை 1872-இல் தெளிவாக விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹண்டிங்டன். அவருடைய தாத்தாவும் தந்தையும் லாங் ஐலண்டில் மருத்துவர்கள். அவர்கள் கவனித்து வந்த குடும்பங்களே அவருக்கும் சான்று. கட்டுப்பாடற்ற உடலசைவு, மனநிலை மாற்றம், சிந்திக்கும் திறன் குறைதல் ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் 30–50 வயதில் தொடங்கும்.

● ஓங்கு பண்பு; ஆட்டோசோம் வழி வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 50%. ஆண், பெண் வேறுபாடு இல்லை.

● மரக்காய்போ ஏரி, வெனிசுவேலா: இதை ஊன்றிப் படியுங்கள். ஏரிக்கரை ஊர்களில் இந்நோய் மிகுந்திருப்பதை 1955-இல் நூலாக எழுதியவர் அந்நாட்டு மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெத்தே. 1979-இல் நான்சி வெக்ஸ்லரின் குழு அங்கு ஆய்வைத் தொடங்கியது. அவருடைய தாய் அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே நோயால் இறந்திருந்தார். சான் லூயிஸ், பரங்கீதாஸ், தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள் கொண்ட லகுனெட்டா ஆகிய ஊர்களில் வீடு வீடாகச் சென்று வம்சாவளி எழுதினார்கள். ரத்தமும் தோல் மாதிரியும் தர மக்கள் தயங்கியபோது, தானும் தோல் மாதிரி கொடுத்த தழும்பைக் கையில் காட்டினார் வெக்ஸ்லர். அதன் பிறகே நம்பிக்கை பிறந்தது. பதிவானவர்கள் 10 தலைமுறைகளில் 18,000-க்கும் மேல். ரத்தம் தந்தவர்கள் 4,000-க்கும் மேல்.

● 1983: ஜேம்ஸ் குசெல்லா குழு, நோய்க்கான மரபணு 4-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. 1993: மரபணுவே கண்டறியப்பட்டது.

● அதில் சிஏஜி என்ற மூன்றெழுத்துக் குறியீடு திரும்பத் திரும்ப வரும். 26 வரை இயல்பு. 36–39 என்றால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40-உம் அதற்கு மேலும் என்றால் வந்தே தீரும்.

● எண்ரோல்-ஹெச்டி: 2012-இல் தொடங்கிய பன்னாட்டுப் பதிவேடு. நடத்துவது சிஹெச்டிஐ அறக்கட்டளை. நோயாளிகள் மட்டுமல்ல, மரபணு இருந்தும் அறிகுறி வராதவர்களும் குடும்பத்தினரும் இதில் சேரலாம். பெயருக்குப் பதில் குறியீட்டு எண், ஆண்டுக்கொரு பரிசோதனை.

● ஒரே சிஏஜி எண்ணிக்கை உள்ள இருவருக்கு வெவ்வேறு வயதில் நோய் தொடங்குவது ஏன்? டிஎன்ஏ-வைப் பழுதுபார்க்கும் ஃபான்1 போன்ற மரபணுக்களுக்கு இதில் பங்குண்டு என்று 2015 முதல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆயிரக்கணக்கானோரின் தரவு சேராமல் இதைக் கண்டிருக்கவே முடியாது.

● இந்தியா: அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, 2021. தேசியப் பதிவேடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பு.

● அறநெறித் தாளுக்கு: தெளிந்த ஒப்புதல், அடையாள மறைப்பு, பலனில் பங்கு என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். 1993 கண்டுபிடிப்புக்கு ரத்தம் தந்த மரக்காய்போ குடும்பங்களில் பலர் இன்றும் வறுமையில்தான் இருக்கிறார்கள். உலகம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.