பழைய ஷூ, புது பூட்ஸ்

சென்னையில் 2024-இல் முதன்முறையாக, ரசிகர்கள் காமிக்ஸ் பாத்திரங்களாக வேடமிட்டு வரும் காமிக் கான் விழா நடந்தது. அதுபோன்ற விழாவுக்கோ பள்ளி மாறுவேடப் போட்டிக்கோ முழங்கால் பூட்ஸ் தேவைப்பட்டால் விலை கொடுத்து வாங்க வேண்டாம். பழைய ஷூவின் மேல் உறை தைத்துவிடலாம்.

அளவுதான் உயிர். ஷூவைப் போட்டு, முழங்கால் வரை பாலித்தீன் தாள் சுற்றி, மேலே டேப் ஒட்டுங்கள். முன்பக்க நடுவிலும் பின்பக்க நடுவிலும், அடிப்பாகத்தின் விளிம்பைச் சுற்றியும் பேனாவால் கோடு போட்டு, அதன்மேல் வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும். வெட்டுவதை இன்னொருவரிடம் விடுங்கள். கத்தரி காலில் படக்கூடாது. தையலுக்குச் சுற்றிலும் ஒரு செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

துணிக்குப் பழைய லெக்கிங்ஸ் போதும். இழுபடும், ஜிப் வேண்டாம். பட்டில் உறை தைக்காதீர்கள். அது இழுபடாது, கணுக்காலில் தையல் விட்டுப்போகும்.

ஆனால் காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில், காஞ்சிப் பட்டின் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு ஒரு வசதி. ராஜா வேடத்துக்கு, நைந்த சேலையின் ஜரிகைக் கரையை உறையின் மேல்விளிம்பில் வைத்துத் தைத்தால் அத்தனை அழகு! அசல் வெள்ளி ஜரிகையா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதற்குத் தனி விலை உண்டு, வெட்ட மனம் வராது.

அடிப்பாகத்தை மூடாமல், குறுக்கே ஒரு எலாஸ்டிக் பட்டை மட்டும் தையுங்கள். மேடையில் வழுக்காது.