பிரசவ விடுமுறைச் சம்பளமும் அரசாங்க உதவியும்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் பெருகியதிலிருந்து நமது சங்க அங்கத்தினர்களுடைய இல்லங்களில் வருமானத்தின் போக்கே மாறியிருக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் தந்தை தறியில் அமர்ந்திருக்க, மகள் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறாள். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துப் பயிர்த்தொழில் குடும்பங்களிலும் இதே நிலைதான். தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லுங்கால், கணக்குப் புத்தகங்களை மூடிய பிறகு அங்கத்தினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மகள் பிரசவ விடுமுறையில் இருக்கிறாள், அதற்குச் சம்பளமும் வருகிறது, அரசாங்கத்தின் பிரசவ உதவிக்கும் எழுதிப் போடலாமா?" என்பதே அது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறத்தக்க கேள்வியன்று இது.

முதலில் பிரித்தறிய வேண்டியது, பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதாகும். தொழிற்சாலைப் பெண்ணுக்கு விடுமுறைக் காலத்தில் கிடைப்பது தர்மமன்று. அவளுடைய உழைப்பின்மேல் சட்டம் அளித்த உரிமை. சுகாதாரத் துறை மூலமாக வருவதோ, வறிய குடும்பத்துத் தாய் போஷாக்குக் குறைவால் வாடாதிருக்க அளிக்கப்படும் உதவி. முன்னதற்கு நிபந்தனை உழைத்த நாள். பின்னதற்கு நிபந்தனை குடும்பத்தின் நிலை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்வர் என்பது 2017 முதல் உள்ள வரம்பு. இவர்களுக்குப் பிரசவ காலப் பணத்தைத் தருவது கம்பெனி அன்று, இ.எஸ்.ஐ. கார்ப்பொரேஷன். பிரசவத்துக்கு முந்தைய இரு சந்தாக் காலங்களில் குறைந்தது 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், சராசரித் தினச் சம்பளம் முழுமையும் 26 வாரங்களுக்குக் கிடைக்கும். இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். இரு குழந்தைகள் இருக்கும்போது பெறும் அடுத்த பிரசவத்துக்கு 12 வாரமே. வரம்புக்கு மேற்பட்ட சம்பளம் பெறுவோருக்கு முதலாளியே கொடுக்கக் கடமைப்பட்டவர். அதற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 1961 ஆம் ஆண்டுப் பிரசவச் சலுகைச் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது 2017 இல் 26 ஆயிற்று. அச்சட்டத்தையும் 1948 ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தையும் தன்னுள் அடக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 இல் அமலுக்கு வந்தபோதும் இந்த 26 வாரமும் 80 நாளும் மாறவில்லை.

தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சராசரித் தினச் சம்பளம் 500 ரூபாய் என்று கொள்வோம். 26 வாரம் என்பது 182 நாள். ஆக, 91,000 ரூபாய். நல்ல பட்டுச் சேலைகள் பலவற்றை நெய்து முடித்தாலன்றி ஒரு தறிக்காரர் கூலியாகக் காண இயலாத தொகை இது. இதனை அறியாமல், பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றவுடன், "இனி ஏன் அலைச்சல், நின்றுவிடட்டும்" என்று ராஜிநாமா எழுதிக் கொடுக்கச் செய்யும் பெரியவர்கள் நம்மிடையே பலர். அன்பினால் செய்வதுதான்; ஆயினும் அந்த ஒரு கையெழுத்தின் விலை இன்னதென்று தெரிந்து செய்வாரில்லை. விலக வேண்டுமென்றே இருந்தாலும் விடுமுறை முடிந்த பின்னர் விலகலாமே! முன்னமே விலகிவிட்ட பெண்ணும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. செலுத்திய சந்தா நாட்கள் போதுமானவையாக இருந்தால் இ.எஸ்.ஐ. உரிமை எஞ்சியிருக்கக்கூடும், கிளை அலுவலகத்தில் இன்சூரன்ஸ் எண்ணைக் காட்டி உடனே விசாரித்தல் வேண்டும். பிரசவ விடுமுறையில் இருக்கும் பெண்ணை அக்காரணத்தால் வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்பதையும் அறிந்திருப்பது நலம்.

182 நாள் என்று ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து எண்ணினோம் அல்லவா? அவ்வாறு எண்ணும் உரிமை வழக்காடிப் பெற்றது. வழக்கைத் தொடுத்தவர் நமது மாநிலத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர். ஆனைமலைப் பகுதியிலுள்ள மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் வேலை செய்த அப்பெண்ணுக்கு 1967 டிசம்பரில் குழந்தை பிறந்தது. அக்காலத்துச் சட்டப்படி 12 வாரம். தோட்ட நிர்வாகம் வாரத்துக்கு 6 நாள் வீதம் 72 நாளைக்குக் கணக்கிட்டுக் கொடுத்தது. ஞாயிறு சம்பளமில்லாத நாள், ஆகவே அதற்குப் பிரசவப் பணமும் இல்லை என்பது அதன் வாதம். 84 நாளைக்குச் சேர வேண்டும் என்று அவர் கோயமுத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று, சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறி, 1977 இல் முடிவுற்றது. வாரம் என்றால் ஏழு நாள். ஞாயிறும் அதில் அடங்கும். தாய் உயிர் வாழ்வதற்கு மட்டுமின்றி, இழந்த சக்தியை மீட்கவும் சிசுவைப் பேணவும் இப்பணம் என்று நீதிமன்றம் விளக்கியது. 12 நாள் கூலிக்காகப் பத்தாண்டு! இன்றைக்கு ஒரகடத்தில் ஒரு பெண்ணின் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளும் வரவு வைக்கப்படுகின்றன என்றால் அந்த வழக்குக்கும் அதில் பங்குண்டு.

காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்வோர், "நாங்கள் நிரந்தரமில்லையே, எங்களுக்கு ஏது" என்று ஒதுங்குகின்றனர். இது தவறான எண்ணம். டெல்லி மாநகராட்சியில் தினக் கூலிப் பட்டியலில் இருந்த பெண்களுக்கும் பிரசவச் சலுகை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2000 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்துவிட்டாலும் விடுமுறைச் சலுகை அதனோடு அற்றுப்போகாது என்று 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து 2023 இல் கூறியது. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் காட்டப்படுகிறதா என்பதை மாதந்தோறும் பார்த்து, சீட்டை வைத்திருப்பதே இவர்கள் செய்ய வேண்டியது.

இனி இரண்டாவது பைக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு உதவித் திட்டம் 1987 இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006 இல் 6,000 ஆகவும், 2011 இல் 12,000 ஆகவும், 2018 இல் 18,000 ஆகவும் உயர்ந்தது; இந்தப் பதினெட்டாயிரத்தில் 4,000 ரூபாய் மதிப்பு போஷாக்குப் பெட்டகங்களாக வருவது. 19 வயது நிரம்பிய, வறிய குடும்பத்துத் தாய்மாருக்கு, முதல் இரு பிரசவங்களுக்கு இது உரியது. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்துத் தொகையும் இதனோடு இணைக்கப்பட்டது. இங்கேதான் நமது கேள்விக்கு விடை இருக்கிறது. 2013 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குப் பண உதவியை உரிமையாக்கியபோது, வேறொரு சட்டத்தின்கீழ் இதையொத்த பயன் பெறுவோரை விலக்கியிருக்கிறது. மாத்ரு வந்தனாவின் விதியும் அதுவே. ஆகவே 26 வாரச் சம்பளம் பெறும் பெண் மத்தியத் திட்டத்துக்கு உரியவள் ஆகாள். மாநிலத் தொகையைப் பொறுத்தவரை, விடுமுறைச் சம்பளம் வருவதைக் கிராம சுகாதார செவிலியரிடம் மறைக்காமல் சொல்லி, தகுதி உண்டா என்று கேட்டறிந்த பிறகே விண்ணப்பிப்பது முறை. "யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்" என்போருக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஆதார் எண் இரு பதிவேடுகளிலும் இருக்கிறது.

ஆனால் பணம் கிடைக்காது என்பதற்காகச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யாமல் இருந்துவிடலாகாது. அப்பதிவினால் வரும் ஆர்.சி.எச். எண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே தேவைப்படுகிறது. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் சத்துமாவையும் சம்பளக்காரி என்று கூச்சப்பட்டு விட்டுவிட வேண்டாம். இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள்ளேயே ஒரு விதி உண்டு: ஒரே நாட்களுக்கு நோய்க்காலப் பணமும் பிரசவப் பணமும் சேர்த்துப் பெற இயலாது. கர்ப்பத்தால் வந்த நோய்க்கு ஒரு மாதம் வரை தனியே நீட்டிப்பு உண்டு. அதைக் கேட்டுப் பெறலாம்.

கணவர் மட்டும் தொழிற்சாலையில் இருந்து, மனைவி வீட்டிலோ வயலிலோ இருந்தால் நிலை வேறு. மனைவிக்கு இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு, அருகில் இ.எஸ்.ஐ. பிரசவ வசதி இல்லாவிடில் இரு பிரசவங்கள் வரை தலைக்கு 7,500 ரூபாய் செலவுத் தொகையும் உண்டு. விடுமுறைச் சம்பளம் இல்லை. குடும்ப நிலை பொருந்தினால் அவர் முத்துலட்சுமி ரெட்டி உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

நமது சங்கத்துக்கே நெய்யும் பெண் அங்கத்தினரின் நிலைதான் மனத்தை உறுத்துவது. அவர் சங்கத்தின் சம்பளக்காரர் அல்லர். நெய்து கொடுத்த சேலைக்குக் கூலி பெறுபவர். தறியிலிருந்து எழுந்த நாள் முதல் கூலி நின்றுவிடும். ஒரே வீட்டில் நாத்தனாருக்கு 91,000. தறியில் அமர்ந்த அண்ணிக்கு அதிகமாய்ப் போனால் 18,000. இவ்வேற்றுமையைச் சட்டம் இன்னும் போக்கவில்லை. கைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் மகப்பேற்று உதவி உண்டு. அதற்குப் பதிவு உயிரோடிருக்க வேண்டும். பல சங்கங்களில் ஆண் அங்கத்தினர் பெயர் மட்டுமே வாரியத்தில் பதிவாகியிருக்க, உடன் நெய்யும் மனைவியின் பெயர் எங்குமே இல்லாதிருப்பதைக் கண்டேன். துணைவிதிகள் இடந்தருமளவு சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து நெய்யும் தாய்மாருக்கு ஒரு தொகை ஒதுக்கலாகுமா என்பதை அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம். அதற்கு முன்னதாக, சங்கத்தில் நெய்யும் பெண்களில் வாரியப் பதிவு உள்ளவர் எவர், புதுப்பிக்கத் தவறியவர் எவர் என்று காரியதரிசிகள் ஒரு பட்டியல் எடுத்து வைப்பார்களாக. அடுத்த தணிக்கையின்போது அதைக் கேட்பேன்.