கதவைத் திறந்து வருபவர்

அன்புள்ள தங்கைக்கு,

எடிட்டிங் கற்பதற்காகக் குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு பெரிய கதையைத்தான் பிடிக்கிறார்கள். உனக்கு நான் சொல்வது வேறு. ஒரே அறை, இரண்டு பேர், ஒரு நிமிடம். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருகிறார், அறையைக் கடக்கிறார், இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்கிறார், இருவரும் இரண்டு வரி பேசுகிறார்கள். அவ்வளவுதான் படம். இங்கிலாந்தில் பள்ளி மேல்வகுப்பு ஊடகப் பாடத்தில் பல ஆண்டுகள் முதற்பயிற்சியாகத் தரப்பட்டது இதுதான். அசைவின் நடுவே வெட்டுவது, எதிரெதிர் ஷாட்டுகளை அடுக்குவது, பேசும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை, அதாவது 180 டிகிரி கோட்டை, கேமரா தாண்டாமல் இருப்பது ஆகிய மூன்றையும் மாணவர்கள் அதற்குள் செய்து காட்ட வேண்டும். நீயே எடுத்து நீயே வெட்ட வேண்டும் என்பது என் வற்புறுத்தல். காரணம் இது. பொருள்கள் மாறாமல் பார்த்துக்கொள்வதையே கண்டினியுட்டி என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பார்க்கிறவரின் கவனத்தை ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குக் கலையாமல் கொண்டுசேர்ப்பதே அதன் சாரம். அந்தக் கவனம் எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பது, கேமராவை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தவருக்குத்தான் முதலில் பிடிபடும்.

கண்டினியுட்டியின் சாரம் கவனம்தான் என்பதற்கு நல்ல ஆதாரம் உளவியலில் இருக்கிறது. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, இரண்டு பெண்கள் மேசையில் உட்கார்ந்து பேசும் சிறு படம் ஒன்றைக் காட்டினார்கள். வெட்டுக்கு வெட்டு அதில் வேண்டுமென்றே பிழைகள்: ஒருத்தியின் கழுத்துத் துணி ஒரு ஷாட்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது, மேசைமேல் இருக்கும் தட்டுகளின் நிறம் மாறும். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே எதையும் கவனிக்கவில்லை. அதே ஆய்வின் இன்னொரு படத்தில், உட்கார்ந்திருப்பவர் தொலைபேசி மணி கேட்டு எழுகிறார். அடுத்த ஷாட்டில் போனை எடுப்பவர் வேறு நடிகர். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. ஆள் மாறியும் வெட்டு எப்படி நின்றது? எழுந்த அசைவு அடுத்த ஷாட்டில் தொடர்ந்தது. மணி அடித்தால் எடுப்பார் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறியது. இதை வைத்துத் தட்டையும் துணியையும் விட்டுவிடலாம் என்று முடிவு கட்டாதே. படப்பிடிப்பில் கண்டினியுட்டி பார்க்கும் உதவி இயக்குநரின் குறிப்பேட்டுக்கு மதிப்பு உண்டு. கதையே ஒரு தட்டைச் சுற்றி நடக்கும்போது அது மாறினால் அரங்கமே கண்டுபிடித்துவிடும். எதற்கு முதலிடம் என்பதே இங்கே பேச்சு. கண் எங்கே நிற்கிறது, அசைவு எந்தப் பக்கம் போகிறது, யார் யாரைப் பார்க்கிறார் என்பவை முதலில், மற்றவை பிறகு.

கவனம் கலையாமல் வெட்டும் இந்த அறிவு சினிமாவோடு கூடப் பிறந்ததும் அல்ல. இயக்குநர் எட்வின் எஸ். போர்ட்டரின் ‘லைஃப் ஆஃப் ஆன் அமெரிக்கன் ஃபயர்மேன்’ படம் 1903-இல் வந்தது. எரியும் வீட்டிலிருந்து தாயையும் குழந்தையையும் மீட்பதை முதலில் அறைக்குள்ளிருந்து முழுசாகக் காட்டி, பிறகு அதே மீட்பைத் தெருவிலிருந்து மறுபடி முழுசாகக் காட்டுகிறார்கள். உள்ளும் வெளியுமாக மாற்றி மாற்றி வெட்டிய பிரதி ஒன்றையே மூலம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அது பிற்பாடு யாரோ வெட்டிச் சேர்த்தது. இன்று குழந்தைக்கும் புரிகிற வெட்டை ஒரு தலைமுறை தடவித் தடவித்தான் கண்டடைந்தது. நீயும் ஒருமுறை அதை உன் கையால் கண்டடைய வேண்டும்.

கதவுக்கு வருவோம். வெளியே ஒரு ஷாட்: நடிகரின் கை கைப்பிடியைப் பற்றித் திருகுகிறது, கதவு நகர்கிறது. உள்ளே ஒரு ஷாட்: கதவு திறக்கிறது, அவர் நுழைகிறார். புதிதாக எடுப்பவர்கள் வெளி ஷாட்டில் கை கைப்பிடியைத் தொட்டதுமே ‘கட்’ சொல்லிவிடுவார்கள். உள் ஷாட்டைப் பாதி திறந்த கதவிலிருந்து தொடங்குவார்கள். வெட்ட உட்காரும்போது ஒரே ஒரு இடம்தான் மிஞ்சும், அதுவும் ஒட்டாது. இரண்டு கோணத்திலும் அசைவை முழுமையாக நடிக்கவை: நடந்து வருவதில் தொடங்கி, உள்ளே வந்து இரண்டு அடி வைக்கும் வரை. கை திருகத் தொடங்கி, திருகி முடிக்கும் முன் வெட்டிப் பார். பிறகு வெட்டை நான்கு ஃப்ரேம் முன்னே தள்ளிப் பார், நான்கு ஃப்ரேம் பின்னே தள்ளிப் பார். நொடிக்கு 24 ஃப்ரேமில் அது நொடியின் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய மாற்றத்தில் ஒரு பக்கம் கதவு இரண்டு முறை திறப்பதுபோல் இருக்கும், மறுபக்கம் கை எதையோ தாண்டிக் குதித்ததுபோல் இருக்கும். கைப்பிடியின் ஒலியை மட்டும் வெட்டின் இரு பக்கமும் அறுபடாமல் ஓடவிடு. வெட்டு விழும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும்படி சொல்லிவைத்த வேறோர் ஆய்விலும், இப்படி அசைவின் நடுவே விழும் வெட்டுகளில் கணிசமானவற்றைப் பார்வையாளர்கள் தவறவிட்டிருக்கிறார்கள்.

உட்கார்ந்த பிறகு லுக், அதாவது நடிகர் பார்க்கும் திசை, தொல்லை கொடுக்கும். வந்தவர் ஃப்ரேமில் வலப்பக்கம் பார்த்துப் பேசினால் எதிரே இருப்பவர் இடப்பக்கம் பார்க்க வேண்டும். தோள் தெரியும் சஜஷன் ஷாட்டில் இது பெரும்பாலும் தப்பாது. தனி க்ளோஸ்-அப்புக்கு வந்ததும், சுவர் இடிக்கிறது என்று கேமராவைக் கோட்டுக்கு மறுபக்கம் வைத்துவிடுவோம்; இருவரும் ஒரே பக்கம் பார்த்து, அறையில் இல்லாத மூன்றாம் ஆளிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். வெட்டுக்கு வெட்டு ஒலியும் ஒளியும் மாறாமல் இருக்க, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடு, ஆளில்லாத அறையின் ஒலியை அரை நிமிடம் தனியே பதிவு செய், வெயில் நகரும் ஜன்னலைத் திரைபோட்டு மூடு.

தொழிலில் எடிட்டர் பெரும்பாலும் பிறர் எடுத்ததைத்தானே வெட்டுகிறார், கிடைக்கிற காட்சித் துண்டுகளிலேயே பழகக்கூடாதா என்று கேட்பாய். பழகலாம், ஆனால் பிறகு. பிறர் எடுத்ததில் ஒரு வெட்டு ஒட்டாவிட்டால், பழுது வெட்டிய இடத்திலா எடுத்த கோணத்திலா என்று பிரித்தறியத் தொடக்கத்தில் வழியில்லை. நீ எடுத்ததென்றால் விடை உனக்குத் தெரியும். மறுநாளே போய்த் திரும்ப எடுக்கவும் முடியும். படம் ஒரு நிமிடத்தோடு நிற்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணமும் இதுவே. பெரிய கதைக்காக எடுத்த திருவிழாக் கூட்டத்தை மறுநாள் திரும்ப வரவழைக்க முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இந்த விதிகளை மேதைகளே தூக்கி எறிந்துவிட்டார்கள், நீ ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1960-இல் ‘பிரெத்லெஸ்’ படத்தில் ஓடும் காரில் நடிகை ஜீன் சீபெர்க் உட்கார்ந்திருக்கும் ஷாட்டைத் துண்டு துண்டாக வெட்டினார். பின்னால் தெரு தாவுகிறது. ஆனால் காரோட்டும் நடிகர் பெல்மாண்டோவின் பேச்சு அந்த வெட்டுகளின் மேல் தொடர்ந்து ஓடுகிறது, பெண்ணும் ஃப்ரேமில் தன் இடத்திலேயே இருக்கிறாள். ஜப்பானிய இயக்குநர் ஓசு 1953-இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’யில் கோட்டைத் தயங்காமல் தாண்டுகிறார், பேசிக்கொள்ளும் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். அங்கே உருவத்தின் அளவும் அது ஃப்ரேமில் அமரும் இடமும் வெட்டுக்கு வெட்டு ஒத்துப்போகின்றன. கண் தேடி அலைய வேண்டியதில்லை. இருவரும் ஒன்றைக் கைவிட்டபோது இன்னொன்றை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு நல்ல வெட்டுக்கான ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி மதிப்பெண்ணும் தருகிறார்: உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, இட ஒழுங்குக்கு வெறும் 4. கண்டினியுட்டி வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. மர்ச் சொல்வது, எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதபோது எதை முதலில் விடலாம் என்ற வரிசை. அந்த நாலு விழுக்காட்டை ஒருமுறையாவது முழுதாகச் சம்பாதித்தவருக்குத்தான் அதை எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்று தெரியும். ரீல்ஸில் தாவும் வெட்டுகளில் பெரும்பாலானவை எனக்கு அலுப்பூட்டுவது இதனால்தான். அங்கே விட்டது மட்டும் இருக்கிறது, பிடித்தது எதுவும் இல்லை.

வெட்டி முடித்ததும், படப்பிடிப்புக்கு வராத ஒருவரிடம் படத்தை ஒரே ஒரு முறை போட்டுக் காட்டு. நன்றாக இருக்கிறதா என்று கேட்காதே. ஒரு தாளைக் கொடுத்து, கதவு எங்கே, நாற்காலிகள் எங்கே, யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று வரையச் சொல். அவர் கை தயங்கும் இடத்துக்கு உரிய வெட்டை டைம்லைனில் தேடிப் பிடி. அதைத் தள்ளிப் பார், தீராவிட்டால் அந்த ஷாட்டைத் திரும்ப எடு. அறை தாளில் சரியாக வரையப்படும் நாளில், அதே காட்சியை அதே நடிகர்களோடு ஓசுவைப்போல் கோட்டைத் தாண்டி எடுத்து வெட்டு; அதேபோல் ஒரு வெற்றுத் தாளை இன்னொருவரிடம் நீட்டு.

அன்புடன்,
உன் அண்ணன்