பழைய போர்டிலிருந்து மெமரி சிப்பைப் பத்திரமாகக் கழற்ற

மும்பை பாண்டுப்பில் பரணைச் சுத்தம் செய்தால் பழைய கம்ப்யூட்டர் நேரே பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவின் தராசுக்குத்தான் போகும். பிளாஸ்டிக் என்றால் தாராவி 13-வது காம்பவுண்ட் மாதிரி இடத்தில் அரைபட்டு மறுபடி பொருளாகிவிடும். போர்டைத்தான் பல இடங்களில் நெருப்பில் வாட்டிப் பெயர்க்கிறார்கள். சிப்பும் வீண், புகையை விழுங்குகிறவர் நெஞ்சும் வீண். பொறுமை இருந்தால் வீட்டிலேயே நல்லபடியாகக் கழற்றலாம்.

1. இரண்டு பக்கமும் கால் வைத்த 16 கால் சிப்புகள்தான் வீட்டு வேலைக்கு ஏற்றவை. 1980களின் போர்டுகளில் 4164, 41256 என்ற எண்ணோடு எட்டு அல்லது ஒன்பது வரிசையாக நிற்கும். ஒன்பதாவது, பிழை கண்டுபிடிக்க வைத்தது. பழைய மெஷின் பழுதுபார்ப்பவர்கள் இவற்றைத் தேடி அலைகிறார்கள். கால் வெளியே தெரியாத சிப் பக்கம் போகவேண்டாம்.

2. முதலில் பேட்டரியை எடுங்கள். உருளை வடிவப் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது.

3. ஒற்றை அறை வீடானால் சமையல் முடிந்த பிறகு, ஜன்னலோரம், ஃபேன் புகையை வெளியே தள்ளுகிற மாதிரி உட்காருங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம். சால்டரில் உள்ள ஈயம் கையில் ஒட்டும். சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிளாஸைக்கூடத் தொடாதீர்கள்.

4. சால்டரிங் அயர்ன், உருகிய சால்டரை உறிஞ்சும் சக்கர், சால்டருக்கான பிளக்ஸ் எல்லாம் லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும். பாண்டுப்பிலிருந்து ஸ்லோ டிரெயினில் தாதர் போய், வெஸ்டர்ன் லைன் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கவேண்டும். போர்டைத் திருப்பி, காலில் பிளக்ஸ் தடவி, புது ஈய சால்டரைக் கொஞ்சம் உருக்கிச் சேருங்கள். எடுக்கப்போகிற இடத்தில் இன்னும் சேர்ப்பதா என்று தோன்றும். ஆனால் பழைய ஈயம் லேசாக இளகுவது இந்தப் புது சால்டரால்தான். பழைய ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும். 2006-க்குப் பிறகு பரவிய ஈயமில்லாத சால்டருக்கு 217 டிகிரிக்கு மேல் சூடு தேவை. சால்டர் பொட்டு மொத்தமும் கண்ணாடி போல் பளபளத்ததும் சக்கரை அழுத்துங்கள். துளைக்குள் கால் இப்படியும் அப்படியும் தளர்வாக ஆடினால் விடுபட்டுவிட்டது என்று அர்த்தம். 8-வது, 16-வது கால்கள்தான் படுத்தும். அவற்றோடு சேர்ந்த அகலமான செம்புப் பட்டை சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கே நெம்பாதீர்கள், மறுபடி சால்டர் சேர்த்து உறிஞ்சுங்கள்.

5. போர்டுதான் வேண்டும், சிப் செத்தது என்றால் கால்களைக் கட்டரால் வெட்டி ஒவ்வொன்றாக எடுப்பதே நல்லது.

6. கழற்றிய சிப்பைக் கறுப்பு ஆன்டிஸ்டாட்டிக் ஃபோமில் குத்தி வையுங்கள். தெர்மோகோல் வேண்டவே வேண்டாம், அதன் நிலைமின்சாரம் சிப்பைக் கொல்லும். மும்பை மழைக்காலத்தில் கால் கறுக்கும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள்.

7. மறுபடி பொருத்தும்போது நேரே சால்டர் செய்யாமல் சாக்கெட் வையுங்கள். சிப்பின் முனையில் உள்ள பள்ளம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சாதாரண 16 கால் லாஜிக் சிப்பில் 8-வது கால் கிரவுண்ட். 4164-இல் அதுதான் 5 வோல்ட். திருப்பிப் போட்டால் போச்சு. 4116 என்ற சிப் அளவில் அதே போலிருந்தாலும் 12 வோல்ட் கேட்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் கலக்காதீர்கள்.

8. ரேமில் இருப்பது கரண்ட் போனதும் அழியும். எஸ்.எஸ்.டி., பென் டிரைவ் சிப்புகளில் வங்கிக் காகிதமும் குடும்பப் படமும் அப்படியே இருக்கும். அவற்றைக் கழற்றி யாரிடமும் கொடுக்காதீர்கள்.

9. மிச்சமான போர்டைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். மின்கழிவு விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. பதிவு பெற்றவர்கள் யார் என்பதை மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டுக்கொள்ளலாம். எடுத்து வைத்த பேட்டரியைத் தனிக் கவரில் போட்டு, முனைகளில் டேப் ஒட்டிக் கொடுங்கள்.